முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சென்ற இதழில் பருப்பு டப்பாவில் வண்டு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி, "வண்டை ஓட்ட வழி சொன்னீர்கள், சந்தோஷம். எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு நாள் இன்டர்நெட் திறக்கிறது, ஒரு நாள் திறக்க மாட்டேன் என்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அதற்கும் ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2025 ஜூலையில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. அன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. 1993-ல் பிளஸ் டூ முடித்தேன். அதோடு சரி. ஆகவே இதைக் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணாமல், ஒரு குடும்பப் பெண்ணின் அனுபவமாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது, தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று ஆரம்பித்த திட்டம் அது. பெரியவன் 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்தார்கள். விண்டோஸ் 7 ஒரு பக்கம், சி-டாக் நிறுவனம் சென்னையில் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவன் படித்து, வேலைக்குப் போய், இப்போது ஓசூரில் குடித்தனமே வைத்துவிட்டான். பெட்டி மட்டும் மாங்காட்டிலேயே தங்கிவிட்டது. அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த என் பெண்தான் இப்போது அதற்கு எஜமானி.

வயதாகிவிட்டால் நமக்கே முழங்கால் வலி வருகிறது. அதற்கும் வந்தது. பெரிய பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. சார்ஜரைச் செருகியே வைத்திருந்தால்தான் ஓடும். பிடுங்கினால் அந்த க்ஷணமே அணைந்துவிடும். "பரவாயில்லை, மிக்ஸி மாதிரி நினைத்துக்கொள்வோம்" என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூலையில் என்ஜினீயரிங் கலந்தாய்வு வந்தது. 2018-க்கு முன்பு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். பெரியவனை அவன் அப்பா அப்படித்தான் அழைத்துப் போனார். காலை டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். 2018-லிருந்து எல்லாம் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில்தான். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று நாமே வரிசையாகப் பட்டியல் போட வேண்டும். எதை முதலில் வைக்கிறோம், எதை அடுத்து வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். அதற்குக் கொடுத்திருந்தது மூன்று நாள்.

போனில் செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் சின்னத் திரையில் இவ்வளவு நீளப் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளி வரிசை போடும்போது, ஒன்று இடம் மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. "பெரிய ஸ்கிரீன்லதாம்மா பண்ணுவேன்" என்று பெண் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அது நியாயம்தான்.

முதல் நாள் பாதிப் பட்டியல் போட்டாள். இரண்டாம் நாள் பிற்பகல் இடி, மின்னல், மழை. நான் வழக்கம்போல டி.வி., ஃபிரிட்ஜ், மடிக்கணினி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி வைத்தேன். மழை விட்டு, கரண்ட் வந்து, இரவு எட்டு மணிக்குப் பெண் மறுபடி உட்கார்ந்தாள். கலந்தாய்வுப் பக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெறும் பக்கம். ஆங்கிலத்தில் நாலு வரி. அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப அழுத்தினாள். அதே பக்கம். அணைத்துப் போட்டாள். அதே பக்கம். கூகுளாவது வருகிறதா என்றால் அதுவும் இல்லை. "நெட் போயிடுச்சு" என்று வை-ஃபை டப்பாவை அணைத்து அணைத்துப் போட்டாள்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். அன்று முதல் ஷிப்ட், வீட்டில்தான் இருந்தார். அவர் தன் பங்குக்கு, "அது ஏதோ ஜாக்கிரதைன்னு சொல்லுது. அதை ஒதுக்கிட்டு உள்ளே போக ஒரு வழி இருக்கும், பாரு" என்றார். என் மாமியாரோ, "அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேனே, நாலு வாரத்தோட விட்டுட்டேனே" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

பெண் அழுதேவிட்டாள். "நாளைக்குச் சாயங்காலத்தோட முடிஞ்சிடும்மா. பிரவுசிங் சென்டர்ல போய்ப் பண்ணிடலாம்" என்றாள். எனக்கு அதில் இஷ்டமில்லை. அந்த நேரத்தில் அங்கே கூட்டம் நெரியும். "பாஸ்வேர்டைச் சொல்லும்மா, நானே போட்டுடறேன்" என்பார்கள். பிள்ளையின் நாலு வருஷப் படிப்பை முன்பின் தெரியாத ஒருவர் அவசரத்தில் வரிசைப்படுத்துவதா?

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் இப்படித்தான் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது, திரையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று வந்ததாம். பேசியிருக்கிறார்கள். அவன் சொன்னபடி எதையோ ஏற்றிக்கொள்ள, இவர்கள் கம்ப்யூட்டரை அவன் தூரத்தில் இருந்தே இயக்கி, பாங்கியில் இருந்த 18,000 ரூபாயைத் துடைத்துவிட்டான். அதிலிருந்து கம்ப்யூட்டர் ஏதாவது சொன்னாலே எங்கள் தெருவில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

பெண்ணை, "போ, முகம் கழுவிட்டு வா" என்று அனுப்பிவிட்டு நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்றாள் போகிற போக்கில்.

தெரியாதுதான். ஆனால் மிக்ஸி ஓடவில்லை என்றால் நான் முதலில் என்ன செய்வேன்? கடைக்காரனைக் கூப்பிட மாட்டேன். பிளக்கில் கரண்ட் வருகிறதா, வேறு எதையாவது செருகினால் ஓடுகிறதா, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பேன். அதையே இதற்கும் செய்தேன்.

முதலில், அதே வை-ஃபையில் என் போனில் கூகுளைத் திறந்தேன். திறந்தது. ஆக, நெட்டின் மேல் குற்றமில்லை. குற்றம் பெட்டியில்தான்.

இரண்டாவது, அந்த நாலு வரியைப் படித்தேன். சகோதரிகளே, அதுவரை எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை! எல்லோரும் பார்த்தோம், பயந்தோம், அழுத்தினோம். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டினேன். தலைப்பில் பெரிய எழுத்தில் இருந்தது இதுதான்: 'யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்'. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது!

திரையின் வலது பக்கக் கீழ் மூலையைப் பார்த்தேன். 2012 ஜனவரி 1 என்று இருந்தது. அந்தப் பெட்டி பாவம், இன்னும் பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய காலத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கடிகாரத்தின் மேல் ஒரு தரம் அழுத்தினால் காலண்டர் விரியும். அதன் அடியில் 'சேஞ்ச் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதில் போய்த் தேதி, மாதம், வருஷம், மணி எல்லாவற்றையும் சரியாக வைத்தேன். அங்கேயே 'டைம் ஸோன்' என்பதில் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று சேர்ந்தாற்போல இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதில் நம் ஊர் பெயர் முதலில் இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இருக்காதா பின்னே! 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வு நிலையம் கணித்த மெட்ராஸ் நேரத்தைத்தானே அந்தக் காலத்து ரயில்கள் பின்பற்றின. 1906-ல்தான் இந்திய நேரம் என்று பொதுவாக ஒன்று வந்தது.

பிறகு பிரவுசரை மூடித் திறந்தேன். கலந்தாய்வுப் பக்கம் வந்து நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். "என்னம்மா பண்ணினே?" என்றாள். "கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்" என்றேன்.

கடிகாரத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் மறுநாள் பெரியவனுக்குப் போன் செய்து கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டும் ஜன்னலுக்குத்தான் பிரவுசர் என்று பெயர். நாம் ஒரு பாங்கியின் பக்கத்தைத் திறந்தால், அது நிஜமாகவே அந்தப் பாங்கிதானா, வேஷம் போட்ட திருடனா என்று பிரவுசர் சோதிக்கிறது. அதற்காக ஒவ்வொரு தளமும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்கும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். நம் பஸ் பாஸ் மாதிரிதான். கண்டக்டர் கையில் பழைய காலண்டர் இருந்தால் என்ன ஆகும்? 2025 ஜூலை மாதப் பாஸை நீட்டினால், "இது இன்னும் பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் செல்லும், இறங்கு" என்பார். ஒருவரையா சொல்வார்? பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரையும் இறக்கிவிடுவார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பாஸ் சரி, பயணியும் சரி. கண்டக்டரின் தேதிதான் தப்பு.

அந்தப் பாஸின் கெடுவும் வரவரக் குறைந்துகொண்டே வருகிறதாம். 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாள் என்று வைத்தார்கள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள் என்று 2025 ஏப்ரலில் தீர்மானம் செய்திருக்கிறார்கள். ஆகவே கம்ப்யூட்டரின் தேதி கொஞ்சம் பிசகினாலும் இனி தகராறுதான்.

சரி, கதை முடிந்தது என்று பார்த்தால், மறுநாள் காலை மறுபடியும் 2012! பெண் பட்டியலை முதல் நாள் இரவே ஒரு வழியாகப் போட்டுச் சேமித்துவிட்டாள். கடைசியாக ஒரு தரம் சரிபார்க்கத்தான் திறந்தாள். உடனே நானே தேதியைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். ஆனால் இது ஏன் அடிக்கடி வருகிறது? சில நாள் நன்றாக இருக்கிறதே, அது எப்படி?

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. பால் கணக்கு, காஸ் சிலிண்டர், தண்ணீர் லாரி, கரண்ட் போன நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த நோட்டை எடுத்துப் பெண்ணிடம், எந்தெந்த நாள் பெட்டி மக்கர் செய்தது என்று ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னேன். நாலு நாள் சொன்னாள். நாலும் நான் பிளக்கைப் பிடுங்கிய நாள், அல்லது இரவு கரண்ட் போன நாள்! மற்ற நாட்களில் பிளக் செருகியே இருந்தது, தேதியும் ஒழுங்காக இருந்தது. முந்தின நாள் இரவும் படுக்கப் போகும்போது நான்தான் பிடுங்கியிருந்தேன்.

இதைச் சொன்னதும் பெரியவன் போனிலேயே கைதட்டினான். "அம்மா, உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும். பெட்டி அணைந்திருந்தாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்து போச்சு" என்றான். பெரிய பேட்டரியும் இல்லை, சின்னதும் இல்லை என்றால், கரண்ட் நின்றதும் காலமும் நின்றுவிடுகிறது!

பூந்தமல்லியில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "அக்கா, இது ரொம்பப் பழசு. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரத் தம்பி. "புதுசு அப்புறம் பார்க்கலாம் தம்பி. கடிகாரத்து பேட்டரி மட்டும் மாத்திக் குடுங்க" என்றேன். சி.ஆர். 2032 என்று பெயர். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது, 3 வோல்ட். அந்த நம்பரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். எங்கள் பெட்டியில் அது ஒயரோடு சேர்த்துச் சுற்றி இருந்தது. பேட்டரி 120 ரூபாய், கூலி 200 ரூபாய். அரை மணியில் ஆயிற்று. மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் இதைச் சுலபமாக மாற்றலாம் என்கிறார்கள். மடிக்கணினியை நாமே பிரிக்கப் போக வேண்டாம்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு முக்கியமான ஒரு வார்த்தை. கழற்றிய பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் போட்டு வைக்காதீர்கள். பளபளவென்று இருக்கும் இந்தக் காசு பேட்டரியைக் குழந்தை வாயில் போட்டுவிட்டால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரிதானே என்று அலட்சியம் கூடாது. அதிலும் மிச்சம் சக்தி இருக்கும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். 'பேட்டரி' என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தேதி சரியான பிறகும் ஒரு குறை மிச்சம் இருந்தது. சில பக்கங்கள் பாதிதான் வரும். பொத்தானை அழுத்தினால் கல்லுப் பிள்ளையார் போல அசையாது. இது நோய் அல்ல, வயோதிகம். விண்டோஸ் 7-க்குக் கம்பெனி தன் ஆதரவை 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. க்ரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதற்குக் கதவை மூடிவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்புக்கு விண்டோஸ் 10-ஆவது வேண்டும். புதுப் பக்கங்களோ புது பிரவுசரை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. புதுப் பாத்திரத்து மூடி பழைய பாத்திரத்துக்குப் பொருந்தாததுபோலத்தான்.

பெரியவன் சொன்னபடி ஃபயர்பாக்ஸ் பிரவுசரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொண்டோம். 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்புதான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. ஆனால் அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தவணை தவணையாக நீட்டித்து அனுப்பினார்கள். அதில் எங்களுக்குத் திறக்காத பல பக்கங்கள் திறந்தன. இதுவும் சாசுவதம் அல்ல. பல் போன கிழவிக்குக் குழைத்த சோறு மாதிரி, கொஞ்ச நாள் தாங்கும்.

மூன்றாவது குறை, வேண்டாத விருந்தாளிகள். நாம் அறியாமல் எங்கோ 'அலோ' என்று அழுத்தியிருப்போம். அதிலிருந்து மூலையில் 'பரிசு விழுந்தது', 'வைரஸ் வந்தது' என்று துண்டுத் துண்டாக அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. க்ரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பாக ஒரு தனி ஜன்னல் திறக்கும். அதில் ஒட்டுச் சாமான்கள் எதுவும் சாதாரணமாக வேலை செய்யாது. அங்கே நன்றாகத் திறக்கிற பக்கம் வழக்கமான ஜன்னலில் திறக்கவில்லை என்றால், 'எக்ஸ்டென்ஷன்' என்று சொல்கிற ஒட்டுச் சாமானோ, சேர்ந்துபோன பழைய குப்பையோதான் காரணம். செட்டிங்ஸில் போய், நமக்குத் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு, 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில் தெரியாத தளங்களை நீக்கிவிட்டால் வீடு சுத்தம். எங்கள் பெட்டியில் இப்படி ஏழு விருந்தாளிகள் இருந்தார்கள்!

ஆக, பழைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் நான் பார்க்கும் வரிசை இது. வெட்டி அடுப்படியில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

1. திரையில் இருப்பதை முதலில் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் போனில் ஒரு படம் எடுத்து, தெரிந்த பிள்ளைகளிடம் காட்டுங்கள். பாஸ்வேர்டு, ஆதார் நம்பர் எதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. அதே வை-ஃபையில் போனில் திறக்கிறதா? திறந்தால் நெட் சரி.

3. கம்ப்யூட்டரின் தேதி, வருஷம், மணி சரியா?

4. எல்லாப் பக்கமும் வரவில்லையா, ஒரே ஒரு பக்கம் மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் குறை அந்தத் தளத்திலேயே இருக்கலாம். சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

5. தனி ஜன்னலில் திறக்கிறதா? வேறு பிரவுசரில் திறக்கிறதா?

6. அப்படியும் ஆகவில்லை என்றால்தான் கடை.

செய்யக்கூடாதவை இரண்டு. தேதி சரியாக இருந்தும் 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று வந்தால், அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். என் வீட்டுக்காரர் சொன்ன வழி அதில் உண்டுதான். ஆனால் அது, நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். இரண்டாவது, திரையில் தானாக வரும் போன் நம்பருக்கு ஒருக்காலும் பேசாதீர்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் திரைக்குள்ளிருந்து கூப்பிட மாட்டான். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திப் பிடிக்க வழியுண்டு. எங்கள் தெரு அக்கா வீட்டுக்காரருக்குப் பயந்து நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

பழைய பெட்டியை வைத்துக்கொள்வதா, விடுவதா? என் அபிப்பிராயம் இது. பாடம் பார்க்க, படம் பார்க்க, சமையல் குறிப்பு தேட, கடிதம் அடிக்க அது போதும். பாங்கிப் பணம், ஆதார் இரண்டையும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். திருத்தம் வராத கம்ப்யூட்டர், பூட்டு தேய்ந்த கதவு. விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் பொதுவாக முடிந்துவிட்டதால், நேற்று வாங்கியதுபோல இருக்கும் பல பெட்டிகளுக்கும் இதே நிலைதான். பெட்டி திடமாக இருந்தால், தெரிந்தவர்களை வைத்து இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அது இலவசம். பெரியவன் தீபாவளிக்கு வந்தபோது எங்கள் பெட்டிக்கு அப்படித்தான் செய்து கொடுத்தான். அதற்கு முன் போட்டோக்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

ஒரு சொந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். நான் பிளஸ் டூ முடித்த வருஷம் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர ஆசைப்பட்டேன். மார்க்கும் இருந்தது. அப்பா ஓவர்டைம் முடிந்து, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தபோது கடைசித் தேதி போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அவர் மேல் குற்றமில்லை. எப்போது கடைசி என்று வீட்டில் யாருமே பேப்பரை முழுசாகப் படித்துப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்.

அன்று இரவு, திரையில் 2012 என்று பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஒரு தேதி தவறினால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குக் கை நடுங்கவில்லை போலிருக்கிறது.

பெண்ணுக்கு அவள் மூன்றாவதாகப் போட்ட கல்லூரி கிடைத்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இப்போது அவளுடைய சிநேகிதிகள் யார் வீட்டிலாவது கம்ப்யூட்டர் தகராறு செய்தால், "இரு, எங்க அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறாளாம். மாமியார் விட்டுப்போன இரண்டு வாரத்தையும் எலுமிச்சம்பழத்தோடு முடித்துவிட்டார்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் மிளகாய்த்தூள் கட்டிப் பிடிக்காமல் காப்பது பற்றிப் பார்க்கலாம்.